ஏற்றத்துப் பூச்சிகள்

மேட்டுப்பாளையத்தில் மலையேறும் கார்கள் சூடாவதில்லை. பெரிய காரின் சூட்டை வீட்டில் இருக்கும் சின்னக் கார் வாங்கிக்கொள்ளும். மலைக்குப் போகிற ஒவ்வொரு காருக்கும் அதேபோல, இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில், ஒரு சின்னக் கார் உண்டு. பெரும்பாலான வீடுகளில் அது டி.வி.க்குப் பக்கத்திலோ சாமி அலமாரியின் கீழ்த்தட்டிலோ நிற்கும். வீட்டுக்காரர் கோத்தகிரி ரோட்டில் இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டிருக்கும்போது, இங்கே சின்னக் காரின் முகத்திலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வரும். மார்கழியில் மாவு புளிக்காவிட்டால் பாத்திரத்தைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைப்பார்கள். அப்பளமும் அங்கேதான் காயும்.

ஆனால் சூடு லேசில் ஏமாறாது. சின்னக் காரின் ரேடியேட்டர் அச்சு அசலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது வெறும் பொம்மை என்று தெரிந்ததும், வந்த வழியே திரும்பிப் பெரிய காருக்கே போய்விடும். அப்புறம் ஏதாவது ஒரு வளைவில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கையைப் பிசைந்து நிற்க வேண்டியதுதான்.

ஆகவே ரேடியேட்டர் செய்கிறவர்களுக்கு அந்த ஊரில் நல்ல மரியாதை. அதிலும் வசந்தாமணி பேர் போனவள். நாற்பதைத் தாண்டியவள். கொஞ்சம் வாய்த்துடுக்கு. பிறர் செய்த வேலையில் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் அவளுக்குக் காப்பி இறங்காது. மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாளை உரித்து, பேன் சீப்பின் மேல் வைத்து நகத்தால் நீவுவாள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் வரிவரியாக எழும்பிவிடும். கொசுவலைத் துண்டு முன்பக்கச் சல்லடை ஆகும். ஈயக் கம்பியை வளைத்தால் தண்ணீர்க் குழாய். பாதியாக அறுத்த பாசிமணி, மூடி. எல்லாவற்றுக்கும் கறுப்பு அடித்து, காய்ந்த பிறகு ஈரம் போன தூரிகையில் வெள்ளி நிறத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு இழுப்பு. இதுவரை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். மூடிக்குக் கீழே தண்ணீர் கசிந்து காய்ந்த தடத்தைத் துளி சுண்ணாம்பில் வைப்பதிலும், கல் பட்டது போல நாலைந்து தகடுகளைக் குண்டூசியால் மடக்கிவிடுவதிலும்தான் அவள் கைவரிசை. எல்லாத் தகடும் ஒழுங்காக நின்றால் சூட்டுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கடைசியாகப் பூச்சி. மலைக்குப் போய்வந்த எந்த ரேடியேட்டரிலும் பூச்சி அப்பியிருக்கும். வசந்தாமணி காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மலைக்குப் போய்வரும் பஸ்களின் முகத்திலிருந்து பூச்சிகளைத் தூரிகையால் தட்டி எடுத்துவருவாள். பிறகு கத்திரியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து, ஒரு இறக்கையிலிருந்து பல சின்னப் பூச்சிகளை வெட்டுவாள். ஏற்றத்தில் மோதும் பூச்சி வேறு, இறக்கத்தில் மோதும் பூச்சி வேறு. ஏறும்போது மோதுவது கீழ்மலைப் பாக்குத்தோப்பு, காப்பித்தோட்டப் பூச்சி. பழுப்பாக, அழுக்காக, பார்க்க லட்சணமாகவே இருக்காது. இறங்கும்போது மோதுவது தேயிலைக்காட்டு விட்டில். சாம்பலும் நீலமுமாக, தூள்தூளாக மின்னும். இரண்டையும் தனித்தனி மருந்துப் புட்டிகளில் வைத்திருந்தாள். ஏற்றத்துப் பூச்சியைக் கண்டால்தான் சூடு, இது மலையேறத் தெரிந்த கார் என்று நம்பி உள்ளே வரும். இறக்கத்துப் பூச்சியை அதன் மேல் ஒன்றிரண்டு வைத்தால் போதும்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை நஞ்சுண்டன் கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீயை ருசி பார்த்துத் தரம் சொல்கிறவர். நாள் முழுக்க உறிஞ்சித் துப்பிப் பழகியதால், பேச்சையும் சற்று நேரம் வாயில் வைத்திருந்துதான் வெளியே விடுவார். தன் ஜீப்பின் சின்னக் காருக்கு ரேடியேட்டர் வாங்க வந்தவர், பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம் கழித்து, "இந்த மூணாவது பூச்சி எங்கூருப் பக்கத்துதுங்களா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அவளிடம் மூன்றாவது பூச்சியைப் பற்றிக் கேட்டதில்லை. வசந்தாமணிக்கு அவரைப் பிடித்துப்போனது. அவ்வளவுதான் விஷயம். கல்யாணத்தைக் கோத்தகிரியிலேயே வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள்.

அண்ணன் சென்னியப்பனின் காரில் பெண்ணை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அது உருளைக்கிழங்கு மண்டிக்கும் வீட்டுக்குமாக ஓடிய பழைய கார். ஊரைத் தாண்டியதே இல்லை என்பதால் அதற்குச் சின்னக் கார் தேவைப்பட்டதில்லை. இப்போது தேவைப்பட்டது. இங்கேதான் சிக்கல். ரேடியேட்டர் செய்கிறவர் தன் வீட்டுக் காருக்குத் தானே செய்துகொள்ளக் கூடாது. சொந்தக் கை என்றால் சூட்டுக்கு இளக்காரம், மதிக்காது. வேறு ஆள்தான் செய்ய வேண்டும். ஊரில் வேறு ஆள் என்று இருந்தது ஆரோக்கியராஜ் மட்டும்தான்.

ஆரோக்கியராஜுக்கு அழகு என்றால் உயிர். தகடுகளுக்குப் பட்டுச்சேலையின் ஜரிகையை வைப்பான். கறுப்புக்கு நகப்பூச்சு. காரமடை, அன்னூர் என்று சமதரையில் ஓடுகிற கார்களுக்கு அவன் வேலை போதுமானதாக இருந்தது. சமதரைச் சூடு பெருந்தன்மையானது, ரொம்ப நோண்டிப் பார்க்காது. வசந்தாமணி அவன் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லுவாள். அவனும் சிரித்துக்கொண்டே, "சரிங்கக்கா" என்பான். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் ஜரிகை சேர்ப்பான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் சின்னக் காரைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தான். வெள்ளைக் கார், கதவெல்லாம் திறந்து மூடியது. சீட்டுத் தையல்கூட இருந்தது. வசந்தாமணி பானெட்டைத் திறக்கச் சொன்னாள். உள்ளே ரேடியேட்டர் தகதகவென்று மின்னியது.

"ஏனப்பா, இதென்ன ரேடியேட்டரா, இல்ல ஒட்டியாணமா?"

"கண்ணாலக் காருங்கக்கா. அழகா இருக்க வேண்டாமுங்களா?"

"பூச்சியக் காணோமே?"

"நல்ல நாளும் அதுவுமா செத்த பூச்சி எதுக்குங்கக்கா?" என்றான் ஆரோக்கியராஜ். உள்ளபடியே அவனுக்கு அது சங்கடமாக இருந்தது.

கையில் மருதாணி வைத்திருந்ததால் அவளால் எதையும் தொட்டுச் சரிசெய்ய முடியவில்லை.

மறுநாள் காலை, தலைக்குப் பூ வைத்துவிட்ட பெண்கள் முன்னால் கிளம்பும் வேனில் இடம் பிடிக்க ஓடியதும், அவளுக்குக் கொஞ்சம் தனிமை கிடைத்தது. பட்டுச்சேலையோடு மேசை முன்னால் உட்கார்ந்தாள். ரேடியேட்டர் செய்யக் கூடாது என்பதுதான் விதி, பூச்சி ஒட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்று தனக்குத்தானே வாதாடி ஜெயித்தாள். ஏற்றத்துப் பூச்சிப் புட்டியைத் திறந்தாள். பழுப்பும் அழுக்குமாகக் கிடந்தது. பக்கத்துப் புட்டியில் சாம்பல் நீல விட்டில்கள் மின்னின. இன்றைக்கு ஒரு நாள், தன் கல்யாணக் காரில், அந்த அழுக்கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆரோக்கியராஜின் ஜரிகையை எல்லாம் கிண்டல் செய்தவள், கூசாமல் இறக்கத்துப் புட்டியைக் கவிழ்த்தாள். விட்டில்களை ஒவ்வொன்றாக ஒட்டினாள். ரொம்ப அழகாக இருந்தது.

பெண் போகும் காரில் சின்னக் காரைப் பெண்ணே மடியில் வைத்துக்கொள்வதும், அதைச் செய்தவர் முன்சீட்டில் உட்கார்ந்து மண்டபம் வரை கூட வருவதும் வழக்கம். ஆரோக்கியராஜ் வெள்ளைச் சட்டையோடு ஏறிக்கொண்டான். சென்னியப்பன் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, காரை எடுத்தார்.

"அம்மிணி, எல்லாம் எடுத்தாச்சா?"

"ஆச்சுங்ண்ணா."

பவானிப் பாலத்தைத் தாண்டியதும் பழக்கடைக்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஜன்னல் வழியாக ஒரு சீப்பு வாழைப்பழத்தை உள்ளே நீட்டினார்.

"கண்ணாலம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க" என்றார் சென்னியப்பன். பழம் கொடுக்கிறவரிடம் வேறு என்ன சொல்வது.

கார் மலையேறத் தொடங்கியது. சத்தமே இல்லை. இரண்டாவது கியரைக் கேட்கவும் இல்லை. தானாக வழுக்கிக்கொண்டு போனது. காலையில் கிளம்பியவர்கள் அடுத்த வளைவில் மத்தியானத்துக்குள் நுழைந்தார்கள். குஞ்சப்பனை செக்போஸ்டில் நின்றிருந்த காவலர் உள்ளே குனிந்து பார்த்து, "ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று சொல்லிக் குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டார். அப்போதுதான் வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நஞ்சுண்டன் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வாடிய மாலை. நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. அவள் கழுத்திலும் மஞ்சள் கயிறு கிடந்தது. கார் ஏறிக்கொண்டிருந்தது, பயணம் இறங்கிக்கொண்டிருந்தது.

"சாப்பாடு எச்சாப் போயிருச்சு" என்று சென்னியப்பன் வேட்டியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். ஆரோக்கியராஜின் வாய் வெற்றிலையில் சிவந்திருந்தது. வசந்தாமணிக்கு மட்டும் பசித்தது. பொய்ப் பூச்சியை ஒட்டிய கைக்கு அந்தக் கல்யாணத்தில் பங்கு கிடையாது.

ஆரோக்கியராஜ் பின்னால் திரும்பி, அவள் மடியில் இருந்த காரின் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அக்கா, இது எறக்கத்துப் பூச்சிங்க."

"தெரியும்."

"ஒண்ணுகூட ஏத்தத்துப் பூச்சி இல்லீங்களே. போய்ட்டு வந்த கார் மாதிரியல்ல இருக்குது."

"தெரியும்கறேனே."

அவன் யாரையும் குற்றம் சொல்லிப் பழகாதவன். முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அதுதான் அவளுக்கு ரொம்ப உறைத்தது.

"எப்படிங்க நடந்துச்சு?" என்று அவள் நஞ்சுண்டனிடம் கேட்டாள்.

அவர் ஒரு வளைவு முழுக்க அதை வாயில் வைத்திருந்தார். "நல்லா நடந்துச்சுங்க. மேளம் நல்லா இருந்துச்சு. எங்க மாமன்தான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டார். தாலி கட்டும்போது நீங்க சிரிச்சீங்க."

"நானா? எதுக்குச் சிரிச்சேன்?"

"தெரியலீங்க. கேட்டேன். பொறகு சொல்றேன்னீங்க." அவர் கொஞ்சம் ஆவலாக அவள் முகத்தைப் பார்த்தார். "இப்பச் சொல்றீங்களா?"

வசந்தாமணி தன் கல்யாணத்தைப் பற்றி அதிகம் கற்பனை செய்து வைத்திருந்தவள் இல்லை. வயது போய்விட்டது, வந்தால் வரட்டும் என்று இருந்தவள்தான். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் தான் சிரித்திருக்கிறோம், அது எதற்கு என்று தனக்கே தெரியாது என்று கேட்டதும் அவளுக்குத் தாங்கவில்லை. ஊரெல்லாம் பார்த்த சிரிப்பு. அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்த ஒரு நாளையும் ஒட்டுவேலையில் தொலைத்துவிட்டோமே என்று அழுகை வந்தது. கொஞ்சம் அழுதாள். நஞ்சுண்டன் துண்டை நீட்டினார். அதில் சாம்பார் வாசனை அடித்தது. அதுவும் அவள் சாப்பிடாத சாம்பார்.

"அண்ணா, காரை நிறுத்த வேண்டாம். நான் இந்த விட்டிலையெல்லாம் எடுத்தர்றேன்" என்றாள்.

சென்னியப்பன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "ஏன் அம்மிணி, முடிஞ்ச கண்ணாலத்தை எதுக்கு நோண்டறே? ஊட்டுக்குப் போனா பாலும் பழமும் குடுக்க ஆளுக காத்திருக்காங்க. எடுத்துட்டு, பொறகு கார் ஏறலீன்னா? இந்த முகூர்த்தத்த உட்டா தை வரைக்கும் நாளில்லை."

"ஏறலீன்னா ஏறலீங்ண்ணா. நானில்லாத கண்ணாலம் எனக்கு வேண்டாம்."

சென்னியப்பன் கண்ணை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார். சின்ன வயதிலிருந்தே அவள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

அவள் சேலை மடிப்பிலிருந்து பின்னூசியைக் கழற்றி, முதல் விட்டிலைப் பெயர்த்தாள். கார் ஒரு வளைவு பின்னால் போனது. ஆரோக்கியராஜின் வாய் வெளுத்தது. இன்னொன்றை எடுத்தாள். வெயில் தணிந்து காலை இளவெயிலானது. இன்னொன்று. நஞ்சுண்டனின் மாலையில் ரோஜாக்கள் நிமிர்ந்தன, நெற்றிச் சந்தனத்தில் ஈரம் வந்தது. சென்னியப்பன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பசிக்கிறது என்றார். ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்த வாழைப்பழச் சீப்பு காணாமல் போனது. கழுத்துக் கயிறு நூலளவு இளைத்தது.

கடைசி விட்டில் மட்டும் மிச்சம் இருந்தது. மூடிக்குப் பக்கத்தில், நன்றாக ஒட்டிக்கொண்டு இருந்தது. அவள் ஊசியை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இதை எடுத்தா நீங்க இங்க இருக்க மாட்டீங்க."

"ஆமாங்க" என்றார் நஞ்சுண்டன். கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து, "அங்க இருப்பேனுங்க" என்றார்.

அவள் எடுத்தாள்.

பக்கத்துச் சீட்டு காலியானது. ஒரு ரோஜா இதழ்கூட இல்லை, அவள் கழுத்தில் கயிறும் இல்லை. கார் பவானிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. பழக்கடைக்காரர் அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார். அவர்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

இந்த முறை மலை மலையாகவே இருந்தது. அடிவாரத்திலேயே கார் இரண்டாவது கியரைக் கேட்டது. குஞ்சப்பனையைத் தாண்டியதும் முதல் கியரைக் கேட்டது. சூடு அவள் மடிவரை வந்து, சின்னக் காரின் முகத்தைப் பார்த்தது. ஜரிகையைப் பார்த்தது. ஒரு பூச்சிகூட இல்லாததையும் பார்த்தது. முழங்காலில் இளஞ்சூடாக ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, திரும்பி என்ஜினுக்கே போனது. தண்ணீர்த்தொட்டி வளைவில் கார் பெருமூச்சு விட்டு நின்றது. பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி பீறிட்டது.

சென்னியப்பன் இறங்கித் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினார். ஊற்ற ஊற்ற அது கொதித்தது. மேலே எங்கோ மேளச் சத்தம் லேசாகக் கேட்டது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏற்றத்துப் பூச்சிப் புட்டி வீட்டு மேசையில் மூடி திறந்தபடி இருக்கிறது என்பது வசந்தாமணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"என்னாலதானுங்கக்கா" என்றான் ஆரோக்கியராஜ். "நேத்து நீங்க சொன்னப்பவே நான் பூச்சி வெச்சிருக்கோணும்."

"உன்னால இல்லைப்பா. நீ அழகா வெச்சே. நான் அழகுன்னு நினைச்சுப் பொய்யை வெச்சேன்."

அவன் வேலையில் குறை சொல்லாமல் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குமே கூச்சமாகப் போய்விட்டது.

வளைவைத் தாண்டி ரோடு மேலே போனது. வசந்தாமணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூச்சி வந்து ஒட்ட வேண்டுமென்றால் கார் ஓட வேண்டும். பெரிய கார் ஓடாது. ஆனால் ஒட்ட வேண்டியது சின்னக் காரில்தானே.

அவள் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிச் செருகினாள். செருப்பைக் கழற்றிக் காரில் போட்டாள். சின்னக் காரை இரண்டு கைகளாலும் மார்புக்கு நேராக, முகம் முன்னால் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு மேட்டில் ஓடத் தொடங்கினாள்.

ஆரோக்கியராஜ் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். கொஞ்ச தூரத்தில், "சத்தம் இல்லாம வராதுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, வாயாலேயே என்ஜின் சத்தம் போட்டான். நன்றாகப் போட்டான். வளைவு வரும் இடத்தில் கியரை மாற்றினான். எதிரே வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து ஒதுங்கி வழிவிட்டார். ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது மலைரோட்டு மரியாதை.

அவளுக்கு மூச்சு வாங்கியது. ஓடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கொண்டையிலிருந்து மல்லிகைச்சரம் நழுவித் தோளில் தொங்கியது. முதலில் ஒன்றும் வரவில்லை. பெரிய பூச்சிகள் அவள் முகத்தில்தான் மோதின. அப்புறம், ரோட்டோரக் காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பொடிக்கூட்டம் எழும்பி வந்தது. தூசு என்றுதான் நினைத்தாள். தூசுக்கு இறக்கை இருந்தது. பழுப்பு நிறத்தில், அழுக்காக, முழுசாக, இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில், சின்னக் காருக்கென்றே சின்னப் பூச்சிகள். ஒவ்வொன்றாக வந்து ஜரிகையில் மோதின. ஒரு சின்னக் கல்லும் தெறித்து நாலைந்து தகடுகளை மடக்கியது. இத்தனை வருஷமாக இறக்கைகளை வெட்டிக்கொண்டிருந்தவள், இவை இங்கேயே இருந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டாள். யாரும் சின்னக் காரை ரோட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, அவ்வளவுதான். சந்தோஷத்தில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் ஓட வந்தது.

சூடு வந்தது. கையில் தெரிந்தது. முதலில் காப்பி டம்ளர் அளவு, பிறகு தோசைக்கல் அளவு. அவள் விடவில்லை. உள்ளங்கை மருதாணி அந்தச் சூட்டில் சிவந்து, சிவந்து, கடைசியில் கறுப்பாகவே போனது. பின்னால் சென்னியப்பனின் கார் எந்த முனகலும் இல்லாமல் ஏறி வந்து பக்கத்தில் நின்றது.

"ஏறு அம்மிணி. நேரமாச்சு."

ஏறினார்கள். ஆரோக்கியராஜுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மண்டபம் வரும்வரை என்ஜின் சத்தத்தை நிறுத்தலாமா கூடாதா என்று தெரியாமல் மெதுவாகப் போட்டுக்கொண்டே வந்தான்.

மண்டப வாசலில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். கலைந்த கொண்டையைச் சரிசெய்து பூவைச் செருகிவிட்டார்கள். புழுதிக் காலுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்கள். மேடையில் நஞ்சுண்டன் உட்கார்ந்திருந்தார். மாலை புதிதாக இருந்தது, சந்தனம் ஈரமாக இருந்தது. சொன்னபடி அங்கேதான் இருந்தார். வசந்தாமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருடைய தோள் அவள் தோளில் பட்டது. தான் இங்கே இருக்கிறோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதுவே போதும் போல இருந்தது. சிரிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தாள்.

கெட்டிமேளம் தொடங்கியது. நஞ்சுண்டன் தாலியைக் கையில் எடுத்தார். அப்போது மண்டப வாசலில் பெரிய சத்தம் கேட்டது.

நஞ்சுண்டனின் தாய்மாமன் பத்துப் பதினைந்து ஆட்களோடு சீர் கொண்டுவந்திருந்தார். தண்ணீர்த்தொட்டி வளைவைத் தோளில் தூக்கி வந்திருந்தார்கள். தார் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஓரத்துக் கறுப்பு வெள்ளைக் கற்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

"எங்க ஊட்டுக்கு வர்ற புள்ளையப் படுத்தின வளைவு" என்று மாமன் வாசலில் நின்று உரக்கச் சொன்னார். "இனி அது ரோட்டுல எதுக்கு? புள்ள நெனச்சப்பப் பொறந்த ஊட்டுக்குப் போய்வரட்டும்னு கழட்டிட்டோம். இது மாமன் சீரு!"

எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல சீர்தான். ஆனால் வாசல் குறுகல். ஆட்கள் வளைவை இந்தப் பக்கம் சாய்த்தார்கள், அந்தப் பக்கம் சாய்த்தார்கள். நிலைப்படியில் இடித்துக்கொண்டு நின்றது. எவ்வளவு முயன்றும் அந்த வளைவால் வாசலில் வளைய முடியவில்லை. மாமன் பஸ் கண்டக்டர் போலப் பின்னால் நின்றுகொண்டு, "ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி, போதும், போதும்பா!" என்று கத்தினார்.

வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். நஞ்சுண்டனின் விரல்கள் அவள் கழுத்துக்குப் பின்னால் முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தன. மேலே அட்சதை விழுந்தது. சின்னக் கார் மடியில் வெதுவெதுப்பாக இருந்தது.

"எதுக்குங்க சிரிச்சீங்க?" என்று அவர் காதருகே கேட்டார்.

"பொறகு சொல்றேனுங்க" என்றாள்.

வாசலில் இன்னும் இழுபறியாகத்தான் இருந்தது. சென்னியப்பன் அட்சதைக் கையோடு எழுந்து போய்ப் பார்த்தார். இரண்டு பக்கமும் அளந்துவிட்டு, ரிவர்ஸில் கொண்டுவாங்க என்றார். ரிவர்ஸில் அது சுலபமாக உள்ளே வந்துவிட்டது.